தேளுக்கு ஒரு வசனம்

எங்கள் பெரியப்பா இயேசுவை வானத்தில் கண்டுபிடித்தது கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில். அதுவரை அவர் இயேசுவைச் சபையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சபையைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சும்மா கிடந்த மனுஷனுக்கு மகன் ஒரு நல்ல கைப்பேசியும் அளவில்லாத டேட்டாவும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பினாங்குக்கு வேலைக்குப் போய்விட்டான். மீதியை வீடியோக்கள் பார்த்துக்கொண்டன.

யாரோ தாடி வைத்த வெள்ளைக்காரர் பேசுவார். கீழே தமிழ் எழுத்து ஓடும். மோசே எழுதுவதற்கு முன்னாலேயே கடவுள் தன் கதையை நட்சத்திரங்களால் எழுதி வைத்துவிட்டார், மனுஷன்தான் அதை ஜோசியம் என்று கெடுத்துவிட்டான் என்பது அவர் செய்தி. பெரியப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருஷம் மெஷின் பழுது பார்த்தவர். எதையும் கழற்றிப் பார்த்து, மறுபடி மாட்டி, ஓட்டிக் காட்டாமல் விடமாட்டார். வானத்தையும் கழற்ற ஆரம்பித்தார்.

இதில் உள்ள வேடிக்கை புரிய வேண்டுமானால் எங்கள் வீட்டில் ராசி என்ற சொல்லுக்கு இருந்த மதிப்பைச் சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்கு முன்னால், குடும்பம் இன்னும் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது, எல்லாரும் ஒரே நேரத்தில் ஆண்டவரிடம் வந்தார்கள். அப்போதைய பாஸ்டர், பழையதையெல்லாம் வெளியே கொண்டு வாருங்கள் என்றார். சாமிப் படங்கள் வந்தன, கயிறுகள் வந்தன, வீட்டில் இருந்த அத்தனை பேர் ஜாதகமும் வந்தது. லயத்துக்குப் பின்னால் ஒரு எண்ணெய் டிரம்மில் போட்டு எரித்தார்கள். தீக்குச்சியைக் கிழித்தது பெரியப்பா. அந்தக் கதையைச் சபையில் சாட்சியாக அவர் சொல்லக் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் நெருப்பு இன்னும் கொஞ்சம் உயரமாக எரியும்.

அதற்குப் பிறகு ராசி, நட்சத்திரம் என்று வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தால் பெரியப்பா முதலில் வாங்கி ராசிபலன் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் கொடுப்பார். அந்தப் பக்கத்தின் பின்னால் விளையாட்டுச் செய்தி இருக்கும். பந்து விளையாட்டில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமலேயே எங்கள் அப்பா பல வருஷம் விசுவாசத்தில் நிலைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர், கட்டுப்பாடு தளர்ந்து சபை திறந்த முதல் மாதத்திலேயே மேடை ஏறிவிட்டார். எங்கள் சபை திகாம் பத்துவில் ஒரு கடைவீட்டு மாடி. கீழே டயர் கடை, மேலே பரலோகம். பெரியப்பா அங்கே மூப்பர். யோபுவின் புத்தகத்தைத் திறந்து, இதோ பாருங்கள், மிருகசீரிஷம் என்ற பெயரே வேதத்தில் இருக்கிறது என்றார். உண்மைதான், இருக்கிறது. தமிழில் வேதத்தை எழுதியவர்கள் அந்தச் சொல்லை ஜோசியரிடமிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். அதை அன்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கன்னி, மரியாள். சிம்மம், யூதாவின் சிங்கம். துலாம், பெல்ஷாத்சார் ராஜாவை நிறுத்துக் குறைவாகக் கண்ட தராசு. மேஷம், ஆட்டுக்குட்டி. மிதுனம், யாக்கோபும் ஏசாவும். மீனம், ஐந்து அப்பத்தோடு வந்த இரண்டு மீன். இப்படியே வந்தவர் கடகத்தில் மாட்டிக்கொண்டார். நண்டுக்கு வேதத்தில் இடமே இல்லை, சாப்பிடக் கூடாத பட்டியலைத் தவிர. அந்தப் பட்டியலைப் பெரியப்பா ஒருநாளும் மதித்ததில்லை. இரண்டு வாரம் யோசித்துவிட்டு, அது நண்டே அல்ல, நோவாவின் பேழை, கால் மாதிரி தெரிவதெல்லாம் துடுப்பு என்று அறிவித்தார்.

"பேழைக்குத் துடுப்பு ஏதுண்ணே?" என்று அப்பா கேட்டார். அப்பா தன் வாழ்நாளில் எழுப்பிய ஒரே இறையியல் கேள்வி அது.

புது வருஷ ஆராதனையில் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் வழக்கம். தட்டில் குப்புற வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அந்த வருஷத்துக்கான வசனம் வரும். நல்ல வசனம் வந்தவர்கள் அதை முன்னறையில் ஒட்டுவார்கள், சுமாரான வசனம் வந்தவர்கள் ஃபிரிட்ஜில் ஒட்டுவார்கள். அந்த வருஷம் பெரியப்பா தட்டை ஒழித்துவிட்டார். இனிமேல் கண்ணை மூட வேண்டியதில்லை, பிறந்த தேதியைச் சொன்னால் போதும், அந்த மாதத்து வானத்தில் கர்த்தர் என்ன எழுதியிருக்கிறாரோ அதுவே உங்கள் வசனம் என்றார். ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு, கலரில் அச்சடித்து, லேமினேட்டும் செய்திருந்தார்.

சனம் வரிசையில் நின்றது. இத்தனை வருஷமாக ஜோசியக்காரன் இருக்கும் தெருவில்கூட நடக்காதவர்கள், பிறந்த தேதியைச் சொல்லிவிட்டுப் பவ்வியமாகக் கையை நீட்டினார்கள். ஒரு அக்கா பிறந்த நேரத்தையும் சேர்த்துச் சொன்னார். அது வேண்டாம் சிஸ்டர் என்று பெரியப்பா சொன்னபோது அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

நான் பிறந்தது அக்டோபர் கடைசியில். என் அட்டையில் தேள். தேளுக்கு வேதத்தில் நல்ல வசனம் கிடைப்பது கஷ்டம். பெரியப்பா நேர்மையானவர், தம்பி மகள் என்பதற்காக வசனத்தை மாற்றவில்லை. சர்ப்பங்களையும் தேள்களையும் மிதிக்க விசுவாசிகளுக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டிருப்பதைச் சொல்லும் இடத்தை எனக்குப் போட்டிருந்தார். எல்லாருக்கும் ஆசீர்வாதம் வந்தது. எனக்கு மட்டும், என்னை மிதிக்க மற்றவர்களுக்கு அனுமதி வந்தது. நான் அதை ஃபிரிட்ஜில்கூட ஒட்டவில்லை.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த வருஷம்தான் எனக்குச் சம்பந்தம் பேசினார்கள்.

மாப்பிள்ளைக்குப் பெண்டாங் ஊர். அரிசி ஆலையில் வேலை, அம்மாவுக்கு ஒரே மகன். பெரியவர்கள் பேசுவதற்கு முன்னாலேயே வாலிபர் முகாமில் நாங்கள் பழகியிருந்தோம். ஆராதனையில் எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது அவரும் நானும் மட்டும் திறந்திருந்தோம், அப்படித்தான் ஆரம்பித்தது. மெதுவாகச் சிரிப்பார். நான் சுங்கைப்பட்டாணி ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து வரும்போது சாப்பிட்டியா என்று ஒரு செய்தி காத்திருக்கும். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

பெண் பார்க்க அவர்கள் வந்து போன பிறகு, நாங்கள் பெண்டாங் போனோம். பேச்சு நன்றாகத்தான் போனது. தேதி குறிக்க வேண்டிய நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா, எனக்கு ஆன்ட்டி, பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"பிரதர், உங்க கார்டு பத்திக் கேள்விப்பட்டேன். எம்பையன் ஆகஸ்ட். பாப்பா அக்டோபர் கடைசி. ரெண்டையும் சேத்து வெச்சுப் பாருங்களேன்."

சேர்த்து வைத்துப் பார்ப்பது என்றால் என்ன என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அதன் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. பெரியப்பா பையிலிருந்து இரண்டு அட்டையை எடுத்துப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இந்தப் பக்கம் யூதாவின் சிங்கம். அந்தப் பக்கம் மிதிபட வேண்டிய தேள்.

"தேள்னா?" என்று ஆன்ட்டி கேட்டார்.

"குதிகால கடிக்கிற சத்துரு, சிஸ்டர்" என்றார் பெரியப்பா. வார்த்தை வெளியே போன பிறகுதான் தான் யாருக்காக வந்திருக்கிறோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு ஒரு வாட்ஸாப் செய்தி வந்தது. சிஸ்டர், நாங்கள் உபவாசமிருந்து ஜெபித்தோம், எங்களுக்கு ஜெபத்தில் சமாதானம் இல்லை. எங்கள் சனத்தில் சம்பந்தம் முறிக்க இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது. பெண் கறுப்பு, சம்பளம் குறைவு, வயது அதிகம் என்று சொன்னால் சண்டைக்குப் போகலாம். ஜெபத்தில் சமாதானம் இல்லை என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கர்த்தர் சம்மதித்தாலும் அவருடைய காரியதரிசிகள் சம்மதிக்கவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாப்பிள்ளையிடமிருந்தும் எனக்கு ஒரு செய்தி வந்தது. 'சபார் லா, பொறுத்துக்கோ. அம்மா மனசு மாறும்.' அவ்வளவுதான்.

ஃபேக்டரியில் தூசி படக் கூடாதென்று நாங்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டி, கண் மட்டும் தெரியத்தான் வேலை செய்வோம். அந்த உடுப்புக்குள் அழுவதில் ஒரு வசதி உண்டு, யாருக்கும் தெரியாது. ஒரு வசதிக்குறைவும் உண்டு, மூக்கைத் துடைக்க முடியாது. நான் இரண்டையும் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் அம்மாதான் பொங்கினார். அம்மா சபையில் பெண்கள் ஜெபக்குழுவின் தலைவி, பொறுமைக்குப் பேர் போனவர். "அந்தப் பக்கமா இருந்தா ஒரு பரிகாரமாவது இருக்கும். தேங்காய ஒடச்சோம், வெளக்கப் போட்டோம், கல்யாணத்த முடிச்சோம்னு போயிரலாம். இங்க நான் எங்க போயி எதப் போட்றது?" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார்.

பெரியப்பாவுக்கு உறுத்தல். அவர் கெட்டவர் இல்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர், என் முதல் சைக்கிளைப் பூட்டிக் கொடுத்தவர். வானத்தில் எனக்கு ஒரு நல்ல இடம் கிடைக்குமா என்று மறுபடி தேட ஆரம்பித்தார். தேளுக்கு மேலே ஒரு மனிதன் நிற்பதாகவும் அவனே மீட்பர் என்றும் கண்டுபிடித்துச் சந்தோஷமாக வந்தார். அவர் கால் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தேளின் மேல் என்றார். பிறகு அவரே அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டார். கடைசியில் தேள் ஆதியில் கழுகாக இருந்தது என்று ஒரு வீடியோ சொன்னது. கழுகுக்கு வேதத்தில் எத்தனை நல்ல வசனம். பெரியப்பா முகம் தெளிந்தது.

கழுகைச் சொல்லிச் சம்பந்தத்தை ஒட்டவைக்க ஒரு சந்தர்ப்பம் வேண்டுமே. ஜூன் மாதத்தில் இருட்டி ஒரு மணி நேரத்துக்குள் தெற்கே நான்கு நட்சத்திரம் சிலுவையாக நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்க்கச் சபையையே வேனில் ஏற்றித் தஞ்சோங் டாவாய்க்குக் கூட்டிப்போவது, பெண்டாங்காரர்களையும் அழைப்பது என்று ஏற்பாடு. ஆற்று முகத்தில் மீன் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும், சுவிசேஷமும் ஆகும், சாப்பாடும் ஆகும். அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் நம்பினேன், இன்றைக்கு வாயைத் திறப்பார் என்று.

அன்று வானத்தில் ஒரு நட்சத்திரமும் இல்லை. ஜெராய் மலைப் பக்கமிருந்து மேகம் வந்து தெற்கு, வடக்கு எல்லாவற்றையும் மூடியிருந்தது. பாஸ்டர் ஐயா மேகம் விலகும்படி ஜெபித்தார். ஆமென் சொல்லும்போது இடி இடித்தது. பெரியப்பா அசரவில்லை. ஆன்லைனில் வாங்கிய பச்சை லேசர் விளக்கை மேகத்தில் அடித்து, "அதுக்குப் பின்னாடி சிலுவை இருக்கு, விசுவாசிக்கிறவங்களுக்குத் தெரியும்" என்றார். ஒரு சிஸ்டர் உடனே தனக்குத் தெரிவதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவருக்கும் தெரிய ஆரம்பித்தது.

நண்டு வந்தது. நோவாவின் பேழையைப் பெரியப்பா இரண்டாக உடைத்துப் போட்டுக்கொண்டு, நேரம் பார்த்து ஆரம்பித்தார்.

"சிஸ்டர், நான் அன்னைக்குச் சொன்னது முழுசு இல்ல. அது தேளே இல்ல. ஆதியில அது கழுகு."

ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டார். "பிரதர், கார்டுல தேள்தான போட்டிருக்கீங்க? லேமினேட் வேற பண்ணிட்டீங்க. கர்த்தரோட வார்த்த மாறுமா?"

பெரியப்பா தன் வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி அது. அவரிடமே திரும்பி வந்து நின்றது. நான் அவரைப் பார்த்தேன், மாப்பிள்ளையை. 'அம்மா, எனக்கு இவளைத்தான் பிடிச்சிருக்கு.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அவர் நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அப்போது என் அம்மா, அப்பாவுக்காக உரித்துக்கொண்டிருந்த நண்டைத் தட்டில் வைத்தார்.

"அவ தேள் இல்ல" என்றார். "தீவாளிக்கு ரெண்டு நாள் முன்னாடி பொறந்தா. உத்திர நட்சத்திரம். கன்னி ராசி."

கடையில் ஓடிக்கொண்டிருந்த டிவியில் யாரோ கோல் போட்டார்கள். பெண்கள் ஜெபக்குழுத் தலைவி, பாஸ்டரின் எதிரே உட்கார்ந்து, மகளின் நட்சத்திரத்தைச் சொல்லியிருக்கிறார். ஜாதகங்களை எரித்த பிறகு பிறந்த மகளின் நட்சத்திரத்தை. அந்த ஒரு வாக்கியத்தோடு குழுவும் போச்சு, பேரும் போச்சு என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தோம். டிரம்மில் தீ வைத்த கை, நண்டு மசாலாவோடு அப்படியே நின்றது. அவர் முகத்தில் ஏதோ ஓடியது. கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"எத்தனாம் பாதம்?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றார் அம்மா.

பெரியப்பா மூச்சை விட்டார். "அப்ப கன்னிதான். மொதல் பாதமா இருந்தா சிம்மத்துக்குப் போயிருக்கும்."

ஆன்ட்டி நாற்காலியை முன்னால் இழுத்தார். "எம்பையன்..." என்று ஆரம்பித்துப் பாஸ்டரைப் பார்த்துத் தயங்கினார். பாஸ்டர் ஐயா எழுந்து கை கழுவப் போனார். வேதத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு.

அந்தத் தயக்கத்தில்தான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். இத்தனை மாதமாக நான் காத்திருந்த வாய்.

"ரேவதி, மூணாம் பாதம். மீன ராசி" என்றார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. மேகத்துக்குப் பின்னால் சிலுவையைப் பார்த்த சிஸ்டர் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். கன்னிக்கு மீனம் ஏழாம் ராசி என்று ஒருவர் சொன்னார். ரஜ்ஜு தட்டவில்லை என்று இன்னொருவர் சொன்னார். பெரியப்பா கணம் பார்த்தார். நான் அஸ்தம், நீ பூசமா என்று பக்கத்து மேஜையிலும் விசாரிப்பு கேட்டது. அத்தனை பேருக்கும் அவரவர் நட்சத்திரம் தெரிந்திருந்தது. எரிந்தது ஓலையும் தாளும்தான்.

"மரியாளும் ரெண்டு மீனும்" என்றார் பெரியப்பா, வேதத்தையும் விட்டுக்கொடுக்காமல். "இதுக்கு மேல என்னா வேணும், சிஸ்டர்?"

ஆன்ட்டி கண்ணை மூடித் திறந்தார். "இப்பதான் பிரதர் எனக்கு ஜெபத்துல சமாதானம் வந்துச்சு."

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். விரலில் நண்டு மசாலா. சந்தோஷமாகத்தான் இருந்தான், பொய் சொல்லக் கூடாது. நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன். தேளாக இருந்தபோது இவனுக்கு நான் வேண்டாம், உத்திரமாக இருந்தால் வேண்டும். நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு ஒரு பேச்சும் இல்லை.

"ஆன்ட்டி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்கு ஜெபத்துல சமாதானம் இல்ல."

அந்த வாக்கியத்துக்கு எங்கள் சபையில் மறுப்பு கிடையாது. பெரியப்பா லேசர் விளக்கை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பா மட்டும் டிவியில் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது, வேனுக்குப் பின்னால் வந்த எங்கள் சொந்தக் காடியை நான் ஓட்டினேன். அப்பா பின்னால் தூங்கிவிட்டார். அம்மா என் பக்கத்தில். மெர்போக் தாண்டினோம். மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அழுதேன். இந்த முறை மூக்கைத் துடைக்க முடிந்தது.

"நெசமாவே ஜெபம் பண்ணியா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா."

அம்மா தலையை ஆட்டினார். திட்டவில்லை.

"ஜெபக்குழுவ வேற ஆளுகிட்ட குடுக்கச் சொல்லுவாங்க" என்றேன்.

"குடுக்கட்டும்." வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது. "உத்திரத்துல பொறந்ததுக்கு வாய் கொஞ்சம் நீளமா இருக்கும், ஆனா தல குனியாதுன்னு அப்பவே சொன்னாங்க."

"யாரும்மா சொன்னா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.